விருந்துக்குக் காத்து நின்ற அந்தி

அன்று மெற்றில்டா சந்தைக்குக் கொண்டுபோன மீனையெல்லாம் விற்றுவிட்டாள், ஒரு விளமீனை மட்டும் விற்கவில்லை. செவுள் ரத்தச் சிவப்பாக, கண் கண்ணாடி மாதிரித் தெளிவாக, அதிகாலையில் வலையிலிருந்து எடுத்தபோது இருந்த மினுமினுப்பு கொஞ்சமும் குறையாமல் இருந்த அந்த மீனை, யார் என்ன விலை கேட்டும் "அது விக்கியதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, ஐஸைப் போட்டு ஈரச் சாக்கால் மூடி, மத்தியான பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே பூவரசந்துறைக்குத் திரும்பினாள். டிக்கெட் கிழித்த கண்டக்டர், "யாருக்காக்கும் இந்த மீனு?" என்று கேட்டார். "விருந்துக்கு" என்றாள். "யாரு விருந்து?" என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காது சிவந்திருப்பதை கண்டக்டரும் பார்த்தார், பின் சீட்டில் இருந்த ஊர்க்காரிகள் இரண்டு பேரும் பார்த்தார்கள், ஆகவே பஸ் ஊர் வந்து சேரும் முன்னாலேயே செய்தி ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

விருந்து ததேயுஸுக்கு. வள்ளங்களுக்கு இன்ஜின் பழுது பார்க்கிறவன். படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைக் கடந்து, தாய் போனபிறகு ஐம்பதையும் கடந்து, போன வருஷம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சை அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தவன். எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, உப்பு விரல்நுனியில் எடுக்கிற ஒரு நுள்ளுக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேங்காய் அரைக்காத மீன் என்பது பூவரசந்துறையில் தவக்காலத்தில்கூட யாரும் செய்துபார்க்காத ஒரு காரியம், அதனால் அவன் ரொட்டியும் பால் விடாத கட்டன்சாயாவுமாக நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அவனும் மெற்றில்டாவும் ஒரே பஸ். அவன் சட்டைக் கழுத்து ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தொளதொளத்துக்கொண்டே போவதை அவள் மடியிலிருந்த மீன் சருவத்துக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள், பார்த்துப் பார்த்து ஒருநாள் தாங்காமல், பக்கத்துச் சீட்டுக்காரிகள் காதிலும் விழும்படி சொன்னாள்:

"ஒரு நாளு சாயங்காலம் வீட்டுக்கு வாருங்க. தேங்காயும் எண்ணெயும் இல்லாம மீனு வச்சுத் தாறேன். நெஞ்சுக்கு ஒண்ணும் செய்யாது."

அவன் இறங்குகிற இடம் வந்தபோது, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வாறேன்" என்றான்.

மெற்றில்டாவின் புருஷன் லாசர் கணவாய் மீன் பிடிக்க ஒரு ராத்திரி வள்ளம் இறக்கிப் போனவன், அவனும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகையும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அவள் மீனை வாங்கினாள், விற்றாள், மிச்சம் விழுந்ததை ஏதோ ஒரு குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்து இரண்டு நாள் தின்றாள். ஒரு ஆளை நினைத்துக்கொண்டு ஒரு மீனைத் தேர்ந்தெடுப்பது எப்படியிருக்கும் என்பதை அவள் கை மறந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கைக்கு அது ஞாபகம் வந்தது. விளமீனைச் செதில் போகச் சுரண்டி, இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறி, மஞ்சளும் நுணுக்கிய நல்லமிளகும் இஞ்சியும் பூண்டும் சேர்த்துக் கீறலுக்குள் விரலால் அழுத்தித் தேய்த்தாள். சின்ன உள்ளியை நீளவாக்கில் அரிந்து, கறிவேப்பிலையைக் காம்போடு கீழே பரப்பி, அதன்மேல் மீனைக் கிடத்தி, தீயில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, நார் கட்டி, இட்லிக் கொப்பரையில் வைத்து மூடினாள். முருங்கைக்கீரையைப் பூண்டு தட்டிப்போட்டு வேகவைத்த சாறு ஒரு பக்கம், சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், தோல் சீவிய வெள்ளரிக்காய், கடைசியில் பிழிவதற்கு ஒரு எலுமிச்சம்பழம். பிறகு குளித்து, வெளிர்நீலப் புடவை உடுத்து, பாதி விரிந்த பிச்சிமொட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்திருந்த முன்அறையில் பாய் விரித்து இரண்டு தட்டு வைத்தாள். அப்போது சூரியன் கடலுக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

ததேயுஸ் வரவில்லை. அதற்குக் காரணம் பிரிஜித். பிரிஜித் லாசரின் அக்காள், மெற்றில்டாவுக்கு மைனி, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பஸ்ஸுக்கு முன்னால் வந்த செய்தி காதில் விழுந்ததுமே, ஈரக்கையைத் துடைக்காமல் நேராக ததேயுஸின் பட்டறைக் கொட்டகைக்குப் போய், "என் தம்பி வீட்டு வாசலை நீ மிதிச்சியானா நான் கடல்ல இறங்கிருவேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ததேயுஸ் குளித்துச் சட்டை மாற்றியிருந்தான். அந்தச் சட்டையோடேயே ஒரு பழைய இன்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்து, அவிழ்க்க வேண்டியதில்லாத திருகாணிகளை அவிழ்க்கத் தொடங்கினான்.

சூரியன் அங்கேயே நின்றது.

கொஞ்ச நேரத்துக்கு யாரும் கவனிக்கவில்லை. கோயில் மணியடிக்கும் ஆரோக்கியம் அந்தி ஜெபத்துக்கு மணியடித்தார், எல்லாரும் எழுந்து நின்று ஜெபம் சொன்னார்கள். சொல்லி முடித்தும் வெளிச்சம் அதேபடி இருக்கவே, தான்தான் முந்திவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் அடித்தார், மறுபடியும் சொன்னார்கள். கூட்டுக்கு முன்னால் வந்து நின்ற கோழிகள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்தபடியே நின்றன. கணவாய்க்குப் போகிறவர்கள் விளக்குகளைத் துடைத்து வள்ளத்தில் ஏற்றிவிட்டு, இருட்டட்டும் என்று மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள், பீடிக்கட்டு தீர்ந்தது, இருட்டவில்லை. ஊர் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்களிலெல்லாம் ராத்திரி வந்து, விடிந்து, வெயிலடித்து, மறுபடியும் ராத்திரி வந்தது. கடைசி பஸ்ஸை ஓட்டிவந்த டிரைவர் பாலத்தைத் தாண்டியதும் முன்விளக்கை அணைத்தார், திரும்பிப் போகும்போது அதே இடத்தில் போட்டுக்கொண்டார், அதைப் பற்றி டிப்போவில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஏனென்றால் பூவரசந்துறையில் நெட்வொர்க்கும் அப்படித்தான், பாலத்தோடு நின்றுவிடும்.

ஊரும் அந்த வெளிச்சத்துக்குள் தன்னை ஒருமாதிரி சரிசெய்துகொண்டது. பிள்ளைகள் விளையாடி விளையாடி, விளையாட்டு தீர்ந்துபோய், கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மணலிலேயே உறங்கப் பார்த்தன. இருட்டினபிறகு குடிக்கப் போகும் ஆண்கள், வெளிச்சத்தில் எல்லார் முன்னாலும் போக வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தார்கள். அவர்கள் மனைவிமார், தங்கள் புருஷன்மாருக்கு இவ்வளவு பேச்சு தெரியுமா என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். கடலுக்குப் போகிறவர்களின் தாய்மாரும் பெஞ்சாதிமாரும், ஒரு வள்ளமும் இறங்காத அந்த நீண்ட அந்தியில், பயமில்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எல்லாரையும்விட நிம்மதியாக இருந்தவள் பிரிஜித். ராத்திரி இல்லையென்றால் ராத்திரி போகிறவர்களும் இல்லை.

ஆனால் அடுப்புகள் அணையத் தொடங்கின. வலை காய்ந்துகிடந்தது. தூக்கம் கெட்ட கண்கள் வீங்கின, சின்னச் சின்னப் பேச்செல்லாம் சண்டையாயிற்று. கடைசியில் ஊர்க் கமிட்டித் தலைவர் இன்னாசிமுத்து நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார், நடந்தபோது ஒரு விஷயம் எல்லார் மூக்கிலும் பட்டது. எங்கே போனாலும் வாழையிலையில் வெந்த நல்லமிளகும் இஞ்சியும் மணத்தது, போகப்போக அந்த மணம் கூடிக்கொண்டே போனது, மெற்றில்டா வீட்டு வாசலில் அது ஒரு திரைச்சீலை மாதிரி தொங்கியது. உள்ளே அவள் பாயில் இரண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தும் கொப்பரையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தலையில் இருந்த பிச்சிமொட்டுகள் பாதி விரிந்தபடியே இருந்தன.

"இது என்ன மெற்றில்டா?" என்றார் இன்னாசிமுத்து.

"நான் அவரைச் சாயங்காலம் வாருங்கன்னு விளிச்சேன்" என்றாள் அவள். "அவரும் வாறேன்னு சொன்னாரு. இன்னும் வரல்ல. அவரு வராம சாயங்காலம் எங்ஙன போவும்?"

இன்னாசிமுத்து யோசித்துப் பார்த்தார், அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. "வேற யாராவது வந்து சாப்பிட்டா ஆவாதா? நானே வேணும்னாலும்..."

"உங்களுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லையே" என்றாள் மெற்றில்டா. அவர் வெளியே வந்துவிட்டார்.

வேறொரு காலமாக இருந்திருந்தால், விதவை வீட்டுக்கு ஒற்றை ஆண் விருந்துக்குப் போவதை ஊர் ஒரு வருஷம் மென்றிருக்கும். இப்போது அதே ஊர் ததேயுஸின் கொட்டகைக்கு முன்னால் கூட்டமாக நின்று, "போவும் ஓய், போய் ரெண்டு வாய் தின்னுட்டு வாரும்" என்று கெஞ்சியது. பங்குச்சாமியார்கூட, விருந்துக்குப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமலிருப்பதும் ஒருவகையில் பாவம்தான் என்று, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். ததேயுஸ் தலையைத் தூக்கவில்லை. பிரிஜித் வந்து சொன்னதையும் சொல்லவில்லை. "ஊரு பாக்கும்" என்று மட்டும் சொன்னான்.

அவ்வளவுதானே என்று ஊர் உடனே ஒரு வழி கண்டுபிடித்தது. கோயில் மைக்கில் அறிவிப்பு வந்தது: ததேயுஸ் நடந்து போகும்போது யாரும் பார்க்கக்கூடாது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன, ஜன்னல் இல்லாதவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள், மணலில் இருந்தவர்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள், சர்பத் கடைக்காரர் பாட்டில்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார். எல்லா முதுகுகளுக்கும் நடுவே ததேயுஸ் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். பாதித் தெரு தாண்டியதும் நின்றான். தன் வீட்டு நடையில், முகத்தைத் திருப்பாமல், அவனையே பார்த்துக்கொண்டு பிரிஜித் நின்றிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான். முதுகைக் காட்டி நின்றவர்கள் எல்லாருக்கும் அந்தத் திரும்பிப்போன செருப்புச் சத்தம் கேட்டது.

அதன்பிறகுதான் மெற்றில்டா பாயிலிருந்து எழுந்து வேலிப்பக்கம் வந்தாள்.

"மைனி, நீங்க அவருகிட்ட என்ன சொன்னிய?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன்." பிரிஜித் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ இன்னொருத்தனுக்கு இலை போட்டா, பின்ன என் தம்பியை யாருட்டீ நினைப்பா? அவனுக்கு ஒரு குழியாவது இருக்கா, நான் போய்ப் பூ வைக்க? அவன் உக்காந்து சோறு தின்ன அந்த அறைதான் இருக்கு. அதுல கொண்டு..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெற்றில்டா வேலிக்கு மேலாகக் கைநீட்டி அவள் தோளைத் தொட்டாள்.

"வந்து மீனைப் பாருங்க மைனி."

"எனக்கு ஒரு மீனையும் பாக்காண்டாம்."

"பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

பிரிஜித் வந்தாள். மெற்றில்டா கொப்பரையைத் திறந்து, நாரை அவிழ்த்து, இலையை விரித்துக் காட்டினாள். மீன் அப்போதுதான் வெந்ததுபோல, கீறல்களில் சதை வெள்ளையாக மலர்ந்து கிடந்தது. பிரிஜித் குனிந்து பார்த்தாள், முகர்ந்தாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"தேங்கா எங்கட்டீ?"

"இல்ல."

"முளகாப்பொடி?"

"இல்ல. எண்ணெய் ஒரு சொட்டு இல்ல."

"இதை லாசருக்கு வச்சிருந்தியானா சட்டியோட தூக்கி முற்றத்துல எறிஞ்சிருப்பான்."

"எறிஞ்சிருப்பாரு" என்றாள் மெற்றில்டா. "அவருக்கு ரெண்டு தேங்காயை அரைச்சு, முளகு செவக்கச் செவக்க வச்சாத்தான் இறங்கும். அதை நான் வேற யாருக்கும் வைக்கல்ல மைனி. அவரு பங்கு அவருக்குத்தான் கிடக்கு. இது வேற ஆளுக்கு வச்ச வேற மீனு."

பிரிஜித்துக்கு, தம்பி மீன்சட்டியை எறிகிற கோலம் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாயிற்று. மெற்றில்டா அவளைப் பாயில் உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். லாசர் போனபிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத் தனித்தனியாகத்தான் அழுதிருந்தார்கள்.

"ராத்திரி வந்தா வள்ளம் இறங்கும்" என்றாள் பிரிஜித், மூக்கைச் சிந்தி. "எனக்கு அதுதான் பயம். இருட்டாமலே இருந்தா நல்லதுதானேன்னு இருந்தேன்."

"பிள்ளைய எல்லாம் உறங்காம கண்ணு வீங்கிக் கிடக்கு மைனி."

பிரிஜித் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள்.

கொட்டகையில் ததேயுஸைச் சுற்றித் திருகாணிகள் சிதறிக் கிடந்தன.

"ததேயு, எந்திரி."

"அக்கா, நீங்க சொன்னதை நான் தட்டல்ல" என்றான் அவன் அவசரமாக. "பாதியிலயே திரும்பிட்டேன்."

"தட்டல்லன்னு தெரியும். நீ தட்டியிருந்தா ஊரு எப்பமோ உறங்கியிருக்கும். கையில கிரீஸைக் கழுவிட்டு வா. அவ புதுப்பாய் விரிச்சிருக்கா."

இந்தத் தடவை மைக்கில் அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஜன்னல்கள் திறந்தே இருந்தன. லாசரின் அக்காள் முன்னால் நடக்க, ததேயுஸ் பின்னால் நடந்து போவதை ஊர் முழுவதும் நின்று பார்த்தது. பார்த்துவிட்டு, கல்யாண வீட்டு வாசலில் பெண் வீட்டாரை வரவேற்கிறவர்களைப் போல, ஏதோ ஒரு மரியாதையில் மடித்துக் கட்டியிருந்த லுங்கிகளை இறக்கிவிட்டுக்கொண்டது.

வாசல்வரை கொண்டுவிட்டுப் பிரிஜித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மெற்றில்டாவும் ததேயுஸும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். முள் எடுத்து, வெள்ளைச் சதையாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

"பிந்திப்போச்சு" என்றான் அவன்.

"எங்க பிந்திச்சு? சாயங்காலம்தானே."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு மெற்றில்டா. ஊருக்குப் பயந்து இல்ல. இந்த நெஞ்சு. வேற எவனோ பிரிச்சு மாட்டின இன்ஜின் மாதிரி இருக்கு. நான் மாட்டியிருந்தா நம்புவேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்துட்டே கிடக்கேன். இதை வச்சுக்கிட்டு ஒரு ஆளுகிட்ட வந்து, நாளைக்கு நின்னுபோச்சுன்னா, நீ ஏற்கெனவே ஒருதடவை..."

"ஓடுதா இப்போ?"

அவன் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தான். "ஓடுது. கொஞ்சம் வேகமா ஓடுது."

"எனக்கும் அப்படித்தான் ஓடுது" என்றாள் அவள். "சாப்பிடுங்க."

அவன் முதல் வாயை வைத்தான். மிளகின் காரம் மெல்ல ஏறியது, இஞ்சி வந்தது, எலுமிச்சை வந்தது, அதற்கெல்லாம் அடியில் கடலின் இனிப்பு மட்டும் தனியாக வந்தது. எண்ணெயும் தேங்காயும் இல்லாமல் மீன் என்கிற மீனின் ருசியை அவன் பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு எதுவும் தொண்டையைத் தாண்டும் முன் பயம் தாண்டும். இது பயத்துக்கு முன்னால் இறங்கியது. கீரைச் சாற்றைக் குடித்தான். மறுபடியும் சோறு கேட்டான். அவளும் தின்றாள். ஒரு தடவை இருவர் விரலும் ஒரே துண்டு மீனில் பட்டன, அவள் கையை எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

வெளியே மணலில் உட்கார்ந்திருந்தவர்கள், சூரியன் அசைந்ததைப் பார்த்தார்கள். ஒரு வாய்க்கு ஒரு விரற்கடை என்று அது இறங்கியது. "இப்ப ஒரு வாய்" என்றான் ஒருவன். "இது பெரிய உருண்டை" என்றான் இன்னொருவன். நடுவில் சற்று நேரம் நின்றது. "முள்ளு எடுக்குறா போல" என்றார்கள், பொறுமையாக இருந்தார்கள். மெற்றில்டா இலையிலிருந்த கடைசித் துணுக்கை அவன் தட்டில் தள்ளியபோது சூரியன் தண்ணீரைத் தொட்டது. அவன் விரலை நக்கியபோது அது மூழ்கியது.

எத்தனையோ நேரமாகத் தேங்கிநின்ற இருட்டு ஒரேயடியாக வந்தது. கோழிகள் தூக்கிய காலை வைத்துக் கூட்டுக்குள் போயின. ஊரிலிருந்த பிச்சிமொட்டுகளெல்லாம் ஒன்றாக விரிந்ததில் தெரு மூச்சுமுட்ட மணத்தது. நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் நடந்த இடத்திலேயே உறங்கிச் சாய, தாய்மார் தூக்கிக்கொண்டு போனார்கள். கணவாய் வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இன்ஜின் முடுக்கின. அந்தச் சத்தம் கேட்டதும் மெற்றில்டா தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மைனி தனியா இருப்பாங்க" என்றாள்.

பிரிஜித் தன் வீட்டுக்கு முன்னால் மணலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, போகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெற்றில்டா அவளை ஒட்டி உட்கார்ந்தாள். ததேயுஸ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, இருட்டில் கண்ணை மூடிக் கேட்டான்.

"எல்லா இன்ஜினும் சுத்தமா ஓடுது அக்கா" என்றான். "நான் பழுது பாத்ததுதான் எல்லாம்."

விளக்குகள் ஒரு நூலில் கோத்ததுபோல விலகிப் போய், சின்னதாகி, கடலும் வானமும் சேருகிற இடத்தில் வரிசையாக நின்றன. பிரிஜித் நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"மீனு எப்படி இருந்தது?"

ததேயுஸ் மெற்றில்டாவைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "நல்லா இருந்தது அக்கா. உப்பு மட்டும் கொஞ்சம் கொறவு."

"டாக்டரு சொன்ன உப்புதான் போட்டேன்" என்றாள் மெற்றில்டா.

"உப்பைக் கூட்டாதே" என்றாள் பிரிஜித். "அடுத்த தடவை இலைக்குள்ள பச்சை மாங்கா நாலு துண்டு அரிஞ்சு போடு. புளிப்பு நின்னா நாக்கு உப்பைத் தேடாது. எங்க வீட்டு மரத்துல கிடக்கு, காலையில வந்து பறிச்சுக்க."